மண்ணின் கணக்கர் குமரப்பா

நாட்டுக்கு உழைத்த பெரியோர்களுள் மேடையேறி முழங்கியவர்களை நாம் நன்றாக நினைவிற் கொண்டிருக்கிறோம். ஒதுங்கியிருந்து நாட்டின் வரவு செலவைக் கூட்டிக் கழித்து, செல்வம் எவ்வழியே ஒழுகிப் போகிறது என்று காட்டியவர்களை எளிதில் மறந்துவிடுகிறோம். அவ்வாறு மறக்கப்பட்டவர்களுள் தலையாயவர் பொருளறிஞர் ஜே. சி. குமரப்பா அவர்கள். தஞ்சையிற் பிறந்து, பம்பாயில் தொழில் நடத்தி, வார்தாவில் தொண்டாற்றி, மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் இறுதிக் காலத்தைக் கழித்தவர் அவர். பிழைப்பு நாடித் தமிழகத்தினின்றும் இம்மாநகருக்கு வந்து மான்குர்த்திலும் செம்பூரிலும் மாதுங்காவிலும் தாராவியிலும் குடியமர்ந்துள்ள நமக்கு அவருடைய வாழ்வு அந்நியமானதன்று.

அப்பெருமகனார் எழுதியவை பல. பேசியவை அதனினும் பல. அவற்றுள் மண்வளம் பற்றி அவர் கொண்டிருந்த கருத்தை மட்டும் அவர் வாழ்க்கையோடு இணைத்து எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஊரிலே காணி நிலம் உடையவர்களுக்கும், நிலமின்மையாலேயே ஊரை விட்டு வந்தவர்களுக்கும் அதில் அறியத்தக்க செய்தி உண்டு என்று கருதுகிறேன்.

பிறப்பும் தொழிலும்

குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சையிலே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பது. தந்தையார் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். ஒழுங்கும் நேரந் தவறாமையும் அவரிடமிருந்து மகனுக்கு வந்த சொத்து. அன்னையார் ஈகையும் இறைப்பற்றும் மிக்கவர். குமரப்பாவின் தம்பியாகிய பரதன் குமரப்பாவும் பிற்காலத்தில் காந்தியடிகளின் பணியில் ஈடுபட்டுப் புகழெய்தியவரே.

இளமையிலேயே இலண்டன் மாநகர் சென்று கணக்காய்வுத் தொழிலைக் கற்றுத் தேர்ந்த குமரப்பா, 1919-இல் தாயகம் திரும்பினார். அவர் வந்து இறங்கித் தொழில் தொடங்கிய ஊர் நம்முடைய பம்பாயே. சில ஆண்டுகள் ஓர் ஆங்கில நிறுவனத்திற் பணிபுரிந்தபின், 1924-இல் பார்சி நண்பர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து, கார்னீலியஸ் அண்டு தாவர் என்ற பெயரில் சொந்தக் கணக்காய்வு நிறுவனம் ஒன்றை நிறுவினார். மேனாட்டு உடை, மேனாட்டு உணவு, கைநிறைந்த வருவாய், கண்ணியமான நட்பு வட்டம் என எல்லாம் அமைந்திருந்தன. அன்றைய பம்பாயில் அவரைக் கண்டவர் எவரும், இம்மனிதர் ஒரு நாள் சாணத்தின் பெருமையைப் பற்றி நூல் எழுதுவார் என்று எண்ணியிருக்க மாட்டார்.

கணக்காய்வாளரின் வேலை இன்னதென்று நம்முள் சிலர் அறியாதிருக்கலாம். ஒரு கம்பெனி இலாபம் காட்டுகிறது என்றால், அஃது உண்மை இலாபந்தானா, அன்றி முதலையே கரைத்து இலாபமென்று எழுதியிருக்கிறார்களா என்று துருவிப் பார்ப்பதே அவர் கடமை. இயந்திரத்தை விற்ற பணத்தை ஆண்டு வருவாயாக எழுதிப் பங்குதாரர்க்குப் பங்கு பிரித்துக் கொடுப்பவன் ஏமாற்றுக்காரன். இந்தப் பார்வைதான் குமரப்பாவுக்கு இறுதிவரை துணை நின்றது. பின்னாளில் அவர் ஆய்ந்த கம்பெனி இந்திய நாடு. அவர் துருவிப் பார்த்த முதல் இந்நாட்டின் மண்.

அமெரிக்காவிற் பிறந்த கேள்வி

1927-இல் குமரப்பா அமெரிக்கா சென்றார். சும்மா இருக்க மனமின்றி சிரக்யூஸ் பல்கலைக் கழகத்திற் சேர்ந்து 1928-இல் வாணிப நிர்வாகத்திற் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக் கழகத்திற் பொதுநிதி இயல் பயிலலானார். அக்காலை ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் வறுமையுற்றிருக்கிறது என்னும் பொருள்பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவு நாளிதழில் வெளிவந்தது. அதைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அதனையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளுமாறு பணித்தார்.

ஆராயப் புகுந்தவர் அதிர்ச்சியுற்றார். வெள்ளையர் ஆட்சியின் வரவு செலவுக் கணக்கை ஏடு ஏடாகப் புரட்டியபோது, ஏழைக் குடியானவனிடமிருந்து எடுக்கப்படும் வரி அவனுக்குத் திரும்பாமற் போவதைக் கண்டார். ஓரிடத்தில் எடுப்பது அவ்விடத்திற்கே ஏதேனும் ஒரு வடிவில் திரும்ப வேண்டும். திரும்பாவிடில் அவ்விடம் வறளும். அரசாங்கக் கணக்கிற் கண்ட இவ்வுண்மையை அவர் பிற்காலத்தில் வயலுக்கும் பொருத்திக் காட்டினார் என்பதை வாசகர்கள் கருத்திற் கொள்ள வேண்டுகிறேன். அந்த ஆராய்ச்சியோடு அவருடைய மேனாட்டு மோகமும் அகன்றது. கார்னீலியஸ் என்ற பெயரை விடுத்துக் குமரப்பா என்ற குடும்பப் பெயரை மீண்டும் ஏற்றார்.

சபர்மதிக் காட்சி

1929-இல் தாயகம் மீண்டவர், தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட விரும்பினார். காந்தியடிகளைப் பார்க்குமாறு நண்பர்கள் கூறவே, அவ்வாண்டு மே மாதம் 9-ஆம் நாள் அகமதாபாத்தை அடுத்த சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். குறித்த நேரத்திற்குச் சற்று முன்னரே போய்ச் சேர்ந்த அவர், ஒரு மரத்தடியிற் சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து இராட்டை சுற்றிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டு, இன்னாரென்று அறியாமல் நின்றவாறே பார்த்திருந்தார். சிறிது நேரங்கழித்து அம்முதியவரே, வந்தவர் குமரப்பாதானே என்று வினவினார். எதிரே இருப்பவர் காந்தியடிகள் என்பதை அப்போதுதான் உணர்ந்த குமரப்பா, விலையுயர்ந்த உடையின் மடிப்புக் கலைவதையும் பொருட்படுத்தாது அந்தச் சாணத் தரையிலேயே அமர்ந்துகொண்டார்.

அவருடைய ஆராய்ச்சி காந்தியடிகளின் எங் இந்தியா இதழிற் பகுதி பகுதியாக வெளிவந்தது. அடிகள் அவரை விட்டுவிடவில்லை. குஜராத்தின் கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவில் வாழும் குடியானவர்களின் பொருள்நிலையை நேரிற் கண்டு கணக்கெடுக்குமாறு பணித்தார். குஜராத் வித்யாபீடத்து மாணவர்களுடன் 54 கிராமங்களில் நடந்து திரிந்தார் குமரப்பா. ஏட்டுக் கணக்கை மட்டுமே கண்டிருந்தவர், வரப்பில் நின்று கணக்கெழுதக் கற்றது அங்கேதான். உப்பு அறப்போரின் காலத்தில் எங் இந்தியா இதழின் பொறுப்பை ஏற்றுச் சிறைத் தண்டனையும் பெற்றார்.

கணக்கில் அவர் எத்துணைக் கண்டிப்பானவர் என்பதற்கு 1934-ஆம் ஆண்டுப் பீகார் நிலநடுக்கம் ஒரு சான்று. துயர் துடைப்பு நிதியின் கணக்கு அவர் கையில் இருந்தது. பார்வையிட வந்த காந்தியடிகளின் பரிவாரத்துக்கு ஆகும் செலவைக்கூட அந்நிதியில் எழுத அவர் இசையவில்லை. துன்புற்றோருக்காகக் கொடுக்கப்பட்ட பணம் துன்புற்றோருக்கே சேரவேண்டும் என்பது அவர் முடிவு. அடிகளும் அதனை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்.

வார்தாவில் தொண்டு

அதே 1934-ஆம் ஆண்டு அக்டோபரில் நம் பம்பாய் நகரிற் கூடிய காங்கிரஸ் மகாசபை, அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நிறுவத் தீர்மானித்தது. அதன் செயலாளராகக் குமரப்பா பொறுப்பேற்றார். வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் வழங்கிய தோட்டத்தில், மகன்வாடி என்னும் பெயரோடு அச்சங்கம் இயங்கியது. கைக்குத்தலரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு முதலிய பல தொழில்கள் ஆங்கு ஆராயப்பட்டுக் கற்பிக்கப்பட்டன. மக்கிய எரு செய்தலும் அவற்றுள் ஒன்று.

இங்கு இந்தூர் நகரத்தைப் பற்றி ஒரு சொல் கூறுதல் தகும். ஆல்பர்ட் ஹவார்டு என்னும் ஆங்கில விஞ்ஞானி, 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஒரு பயிராராய்ச்சி நிலையத்தை நடத்தி வந்தார். இந்நாட்டு உழவர்களையே தம் ஆசிரியர்களாகக் கொண்டவர் அவர். செடி கொடிக் கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, நீர் தெளித்து, காலமறிந்து புரட்டிவிட்டுச் சில திங்களில் நல்ல எருவாக்கும் முறையை அவர் ஒழுங்குபடுத்தினார். இந்தூர் முறை என்று உலகெங்கும் வழங்குவது இதுவே. காந்தியடிகளும் இம்முறையைத் தம் இதழ் வாயிலாகப் பரப்பினார்.

முதலும் வருவாயும்

1942-இல் எழுந்த ஆகஸ்டுப் போராட்டத்தையொட்டிச் சிறை புகுந்த குமரப்பா, ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது, நிலைத்த பொருளாதாரம் என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூல் ஒன்றை எழுதினார். காந்தியடிகள் அதற்கு முன்னுரை வழங்கினார். குமரப்பாவின் பெயரை நிலைநிறுத்திய நூல் அதுவே.

அதன் சாரத்தை எளிய முறையிற் கூறுவேன். இயற்கையிலுள்ள செல்வம் இருவகைப்படும். நிலக்கரி, பெட்ரோல், இரும்பு, செம்பு போன்றவை எடுக்க எடுக்கக் குறைவன. இவை தேக்கி வைத்த நீர் போன்றவை. காடு, ஆறு, விளைநிலம், கால்நடை ஆகியன முறையறிந்து கொண்டால் ஆண்டுதோறும் சுரப்பன; இவை ஓடும் ஆறு போன்றவை. முதல்வகையை நம்பி எழுப்பும் வாழ்வு ஒரு நாள் சாயும். அதற்குள் அதன்பொருட்டு நாடுகள் ஒன்றோடொன்று போரிடும். இரண்டாம் வகையைச் சார்ந்த வாழ்வே நிலைக்கும்.

மனிதன் இயற்கையினின்றும் பொருள் ஈட்டும் வகைகளையும் உயிரினங்களைக் காட்டி அவர் விளக்கினார். புலி ஆட்டைக் கொன்று உண்கிறது. குரங்கு தான் வைக்காத மரத்தின் பழத்தைப் பறித்துத் தின்கிறது. தேனீ தான் பெறுவதற்கு ஈடாகப் பூவுக்கும் நன்மை செய்து, தேனைத் தன் கூட்டத்திற்கெல்லாம் சேர்க்கிறது. தாய்ப்பறவை கைம்மாறு கருதாமற் குஞ்சுக்கு ஊட்டுகிறது. புலியிலிருந்து தாய்ப்பறவை வரை உயர்வதே மனித நாகரிகத்தின் வளர்ச்சி என்பது அவர் கொள்கை.

விளைநிலத்திற்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். ஓர் உழவன் ஏக்கருக்கு இத்தனை மூட்டை எடுத்தேன் என்று மகிழ்கிறான். ஒவ்வொரு மூட்டையிலும் மண்ணின் சத்து ஒரு பங்கு வண்டியேறிப் போகிறது. வைக்கோலும் சாணமும் தழையும் மீண்டும் வயலுக்கு வந்தால் எடுத்ததிற் பெரும்பகுதி திரும்புகிறது. அவன் உண்டது வருவாய். வைக்கோலை விற்று, சாணத்தை வரட்டியாக்கி எரித்து, ஆண்டுதோறும் விளைச்சலை மட்டும் எடுப்பவன், முதலைத் தின்றுகொண்டு அதனை இலாபம் என்று எழுதுகிறான். அவன் கணக்கைத் தணிக்கை செய்ய எவரும் வருவதில்லையாதலால், பிழை பத்தாண்டு இருபதாண்டு கழித்தே வெளிப்படுகிறது. அப்போது நிலம் மட்டுமன்று, குடியும் வெளியேறுகிறது.

இரயில்வேயில் வேலை பார்க்கும் நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். தண்டவாளமும் எஞ்சினும் நாளும் தேய்கின்றன. ஆகவே வருவாயில் ஒரு பகுதியைத் தேய்மான நிதி என்று தனியே ஒதுக்குகிறார்கள். அதனை ஒதுக்காமல் எல்லாவற்றையும் இலாபமென்று காட்டினால், சில ஆண்டுகள் கணக்குப் பார்வைக்கு அழகாகவே இருக்கும். பிறகு வண்டி ஓடத் தண்டவாளம் இராது. வயலுக்குரிய தேய்மான நிதி எருவும் தழையும் ஆகும்.

முன்னோர் அறிந்த முறைகள்

நம் முன்னோர் இக்கணக்கைப் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்திருந்தனர். வள்ளுவப் பெருந்தகை உழவுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்ததை யாவரும் அறிவர். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டார்கள். கோடையில் ஏரி குளங்களில் தூர்வாரி, அவ்வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு அடித்தார்கள். குமரப்பா பிறந்த தஞ்சைத் தரணியில் நெல் அறுத்த ஈரத்திலேயே உளுந்தும் பயறும் விளைந்தன. கொழிஞ்சியும் சணப்பும் வளர்த்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார்கள். கரிசற்காட்டில் சோளத்தோடு துவரை ஊடுபயிராய் நின்றது.

இவற்றின் காரணத்தை விஞ்ஞானம் நன்கு விளக்கியுள்ளது. பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு உணவாக்குகின்றன. மக்கிய பொருள் மண்ணைப் பொலபொலப்பாக்கி, பெய்யும் மழையை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது. மண்புழு துளைத்த வழியே நீரும் காற்றும் வேருக்குச் செல்கின்றன. அத்தகைய நிலம் மழை தவறிய ஆண்டிலும் சில வாரங்கள் தாங்கி நிற்கும். மக்கற் பொருள் அற்ற நிலம் இரண்டு வார வெயிலில் வாடிப்போகும். தண்ணீருக்கும் உரத்துக்கும் ஆகும் செலவு குறைவது ஓர் ஊதியம். கெட்ட ஆண்டிலும் முழுதும் கெடாமை அதனினும் பெரிய ஊதியம்.

மண் மெலிவது ஒரு தீங்கு. மண்ணே அடித்துக்கொண்டு போவது மற்றொன்று. 1983-இல் நம் நாட்டு மண் விஞ்ஞானிகள் இட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஆண்டொன்றுக்கு 533 கோடி டன் மண் அரிக்கப்படுகிறது. சராசரியாக ஒரு ஹெக்டேருக்கு 16.4 டன், அதாவது ஓர் ஏக்கருக்கு ஆறரை டன்னுக்கும் அதிகம். அதில் நூற்றுக்கு 29 பங்கு கடலிற் கலந்து என்றென்றைக்குமாக மறைகிறது. 10 பங்கு அணைகளிற் படிந்து அவற்றைத் தூர்க்கிறது. எஞ்சியது இடம் மாறுகிறது. ஓர் அங்குல மேல்மண் உண்டாக இயற்கைக்குப் பல நூற்றாண்டுகள் வேண்டும்; அதனைக் கரைக்கச் சில பெருமழைகள் போதும். சரிவுக்குக் குறுக்கே உழுதல், வரப்பு உயர்த்தல், ஓரத்தில் மரமும் புல்லும் வளர்த்தல், அறுவடைக்குப்பின் தாளையும் சருகையும் கொளுத்தாமல் மண்ணுக்குப் போர்வையாக விடுதல், தேவைக்கு மேல் உழாதிருத்தல், பயிரை மாற்றி மாற்றி இடுதல் ஆகியவையே மருந்து. மண்காப்பு வேளாண்மை என்று இன்று உலகம் போற்றும் முறை இவற்றின் தொகுப்பேயாகும். உழவு குறைவதால் டீசல் செலவும் ஆள் செலவும் குறைகின்றன. எனினும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் விளைச்சல் சற்றுக் குறையக்கூடும் என்பதையும் மறைத்தலாகாது. பலன் மெல்ல வருவது.

உரம் பற்றிய வாதம்

செயற்கை உரத்தைக் குமரப்பா வன்மையாக எதிர்த்தார். அது சோர்ந்த உடலுக்குக் கொடுக்கும் வெறியூட்டும் மருந்து போன்றது, அப்போதைக்கு எழுப்பிப் பின்னர்ச் சோர்வை மிகுவிப்பது என்பது அவர் கருத்து. எருது உழவுக்கும் உதவி எருவும் தருகிறது. டிராக்டர் எண்ணெயைக் குடிக்குமேயன்றிச் சாணம் போடாது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். ஆலைக்கென விளையும் கரும்பும் நீண்ட இழைப் பருத்தியும் புகையிலையும் உணவுப் பயிரின் நிலத்தைக் கவர்வதைக் கண்டித்தார். ஓர் இலட்சம் மக்களுக்குச் சத்துள்ள உணவும் உடையும் கிடைக்க எந்தப் பயிருக்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்று பட்டியலிட்டு, சமநிலைச் சாகுபடி என்றொரு திட்டமும் வகுத்தார். இதுவும் ஒரு கணக்காய்வாளரின் வேலையே அன்றோ?

அவர் மறைந்தபின் நாடு வேறு வழியிற் சென்றது. 1950-51-இல் ஏறத்தாழ 5 கோடி டன்னாக இருந்த நம் உணவுதானிய விளைச்சல், 2022-23-இல் 33 கோடி டன்னை எட்டியது. புதிய விதையும் பாசனமும் செயற்கை உரமும் இதற்குக் காரணம் என்பதை மறுப்பது நன்றி மறத்தலாகும். கப்பலை எதிர்பார்த்து வாழ்ந்த நாடு தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொண்டது. அந்த அளவில் குமரப்பாவின் அச்சம் மிகையாயிற்று என்று கூறுவோர் உளர்.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் காணவேண்டும். மக்கற் பொருள் குறைந்த நிலம், போன ஆண்டு விளைந்த அளவையே விளைவிக்க, இவ்வாண்டு இன்னும் கொஞ்சம் யூரியாவைக் கேட்கிறது. மண்ணின் நிலையை ஆய்ந்து அதற்கேற்ப உரமிட வேண்டும் என்று, 2015-இல் அரசாங்கமே உழவர்களுக்கு மண்வள அட்டை வழங்கத் தொடங்கியது. நோயறியாமல் மருந்து கொடுக்கலாகாது என்பது அப்போது யாவரும் ஒப்பிய உண்மையாயிற்று.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. இலங்கையில் 2021-ஆம் ஆண்டு செயற்கை உரத்தின் இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. எருவும் இல்லை, பயிற்சியும் இல்லை, காலமும் இல்லை. விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. சில மாதங்களிலேயே தடை நீக்கப்பட்டது. பல்லாண்டுகளாகக் கரைந்த முதலை ஓர் ஆணையால் ஒரே நாளில் மீட்க இயலாது. சிறுகச் சிறுகச் சேர்த்தே மீட்க வேண்டும். இதுவும் கணக்குக்குரிய நீதியே.

நிலம் யாருக்கு, எரு யாரிட?

நாடு விடுதலை பெற்றபின், காங்கிரஸ் மகாசபை அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைமை தாங்கினார். 1949-இல் வெளிவந்த அதன் அறிக்கை, உழுபவனுக்கும் அரசுக்கும் இடையே நிற்கும் தரகர்கள் ஒழியவேண்டும் என்றது. நிலவுடைமைக்கு உச்சவரம்பு வேண்டுமென்றது. கைம்பெண்கள், சிறுவர்கள், உடல் ஊனமுற்றோர் ஆகியோரைத் தவிர ஏனையோர் நிலத்தைக் குத்தகைக்கு விடலாகாது என்றும் பரிந்துரைத்தது.

இதற்கும் மண்வளத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மிக நெருங்கிய தொடர்பு உண்டு. எருவின் பயன் ஓராண்டிற் கிடைப்பதன்று. மூன்று, நான்கு ஆண்டுகள் நின்று பலன் தருவது. அடுத்த ஆண்டு இந்நிலம் தன்னிடம் இருக்குமோ இராதோ என்று ஐயுறும் குத்தகைக்காரன் வண்டி எருவை எதற்காக அடிப்பான்? வரப்பை எதற்காக உயர்த்துவான்? அவ்வாண்டே பலன் தரும் உரமூட்டையைத்தான் நாடுவான். அவன்மேற் குற்றமில்லை. முதலுக்கு உரிமையில்லாதவனை முதலைக் காக்கச் சொல்வது நியாயமாகாது.

இவ்விடத்தில் நம்மைப்பற்றியும் சிறிது எண்ணுதல் வேண்டும். மான்குர்த்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுட் சிலவற்றுக்கு ஊரிலே ஓரிரு ஏக்கர் உண்டு. பங்காளியிடமோ பக்கத்து வயற்காரரிடமோ ஆண்டுக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கோடை விடுமுறையிற் சென்று நெல்லோ பணமோ பெற்று வருகிறோம். எவ்வளவு கிடைத்தது என்று கேட்கிறோமேயன்றி, நிலத்தில் எவ்வளவு போடப்பட்டது என்று கேட்பதில்லை. குத்தகையை ஐந்தாண்டாவது உறுதியாகக் கொடுப்பதும், எருவடிக்கும் செலவிற் பாதியை நாம் ஏற்பதும், குளத்து வண்டல் எடுக்கும் ஆண்டில் அதற்கென ஒரு தொகை அனுப்புவதும் நம்மால் இயலாதவையல்ல. ஊர்க்கோயிற் கொடைக்கு வரி அனுப்பத் தவறாத நாம், நம்மைத் தாங்கிய மண்ணுக்கு ஒரு வரி அனுப்பலாகாதா?

நிலமே இல்லாமல் வந்தவர்கள் நம்மிற் பெரும்பாலோர். பிறர் நிலத்திற் கூலிக்கு நாற்று நட்டும், மழை பொய்த்த ஆண்டில் அதுவும் இன்றியும், இரயிலேறி வந்தவர்கள். உழைத்தவனுக்கு உரிமை இருந்திருப்பின், மண்ணும் மெலிந்திராது, இவர்களும் பெயர்ந்திரார் என்பதே அந்த அறிக்கையின் உட்கிடை என நான் உணர்கிறேன். அக்குழுவின் பரிந்துரைகளுட் பல ஏட்டளவிலேயே நின்றன என்பது வருந்தத்தக்கது.

இறுதிக் காலம்

1950-களின் தொடக்கத்தில் குமரப்பா வார்தாவுக்கு அண்மையிலுள்ள சேல்டோ என்னும் சிற்றூரிற் பண்ணை ஆசிரமம் அமைத்து, தம் கொள்கைகளை வயலிற் சோதித்துப் பார்த்தார். சீனா, சோவியத் நாடு ஆகியவற்றுக்கும் சென்று அந்நாட்டு உழவை நேரிற் கண்டார். உடல் நலம் குன்றியதும் தமிழகம் திரும்பி, மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளாதவர், சொத்துச் சேர்க்காதவர், ஒரு சிறு குடிலே அவருக்குப் போதுமானதாயிருந்தது.

1960-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள் அவர் இவ்வுலகை நீத்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் காந்தியடிகள் மறைந்ததும் அதே நாளில்தான். வாழ்ந்த நாளில் அவரைப் பிடிவாதக்காரர் என்றும், காலத்துக்கு ஒவ்வாதவர் என்றும் பலர் ஒதுக்கினர். 1973-இல் சிறியதே அழகு என்று பொருள்படும் நூலை வெளியிட்டு உலகப் புகழ்பெற்ற ஷூமாக்கர் என்னும் பொருளியல் அறிஞர், அந்நூலிற் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டுள்ளார். பிறநாட்டார் போற்றியபின்னரேனும் நாம் நம்மவரை அறிந்துகொள்ளுதல் நன்று.

நம் வாயிலில் உள்ள பாடம்

மண்வளம் ஊர்ப்புறத்துச் செய்தி, நகரத்தார்க்கு அதில் என்ன வேலை என்று கருத வேண்டுவதில்லை. ஊரிலிருந்து அரிசியும் காய்கறியும் நாள்தோறும் நகருக்கு வருகின்றன. நகரிலிருந்து ஊருக்கு எதுவும் திரும்புவதில்லை. திரும்பாதது எங்கே போகிறது என்பதை மான்குர்த்து வாசிகளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நம் அண்மையிலுள்ள தேவனார் குப்பைமேட்டில் 1927 முதல் இம்மாநகரின் கழிவு கொட்டப்பட்டு மலையாயிற்று. அதிற் பெரும்பகுதி காய்கறித் தோலும் எச்சிற் சோறும் இலை தழையுமே. எந்த வயலினின்றும் எடுக்கப்பட்டதோ அந்த வயலுக்கு எருவாக வேண்டிய பொருள், பிளாஸ்டிக்கோடு கலந்து நஞ்சாகி, 2016 ஜனவரியில் தீப்பற்றிப் புகையாக நம் பிள்ளைகளின் நெஞ்சிற் புகுந்தது. வரவு ஓரிடம், செலவு ஓரிடம் என்று பிரிந்த கணக்கு இவ்வாறுதான் முடியும்.

நம்பிக்கைக்குரிய எடுத்துக்காட்டும் தொலைவில் இல்லை. தாராவியை அடுத்து மித்தி நதிக்கரையிலுள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் குப்பைமேடாயிருந்த இடம். மண் இட்டு மரம் நட்டு வளர்த்ததால், 37 ஏக்கர் பரப்பில் அது காடாயிற்று. பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வந்து சேர்ந்தன. 1994-இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குப்பையும் பொறுமையோடு நடத்தினால் மண்ணாகும் என்பதை நம் கண்முன்னே அது மெய்ப்பித்தது.

ஆதலின் வீட்டிலே மக்கும் கழிவையும் மக்காத கழிவையும் பிரித்து வைத்தல் நம் முதற் கடமையாகுக. சாளில் ஒரு மூலையில், ஒரு பழைய தொட்டியில், நாலு குடும்பத்துக் காய்கறித் தோலை மக்க வைத்து, துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் இடுவோம். ஊரில் நிலமுள்ளோர் அந்நிலத்துக்கு ஆண்டுக்கொரு முறையேனும் எருவிட வழி செய்வோம். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பவனே நேர்மையான கணக்கன் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

பம்பாயில் ஒரு தமிழர் தொடங்கிய கணக்குப் பணி, தேசத்தின் மண்ணளவும் விரிந்தது. அக்கணக்கைத் தொடர்ந்து எழுத வேண்டியவர் நாமே. குமரப்பா புகழ் வாழ்க! மண்வளம் ஓங்குக! தமிழர் குடி தழைக்க!